பெயரிடு படலம்

எமக்குப் பெயரிட்ட ஞான்று எம்மைக் கேட்டார் ஒருவரும் இலர். பாட்டனார் வேதாகமத்தைத் திறந்தார், ஒரு பெயரைத் தேர்ந்தார், போதகர் நீர் தெளித்தார், காரியம் முடிந்தது. மக்களுக்குப் பெயரிடுதல் இத்துணை எளிதாயிருக்க, ஒரு பொட்டலம் சுக்குக்காப்பித் தூளுக்குப் பெயரிடுதல் எத்துணை அரிது என்பதை யாம் பட்டு அறிந்தோம். அவ்வனுபவத்தைக் கல்லூரி அன்பர்க்கு உரைக்கவே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் பெரியம்மையின் மகளாராகிய தமக்கையார் சென்னையிலே கணிப்பொறி வேலை பார்த்துவந்தவர். அவருடைய தந்தையார், அஃதாவது எம் பெரியப்பா, ஏரல் கடைவீதியில் நெடுநாளாகப் பலசரக்குக்கடை நடத்திவந்தார். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18ஆம் நாட்களிற் பெய்த பெருமழையைத் திருநெல்வேலிச் சீமையார் மறந்திரார். காயற்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை விழுந்தது. திருவைகுண்டத்தில் இரயில்வண்டியொன்று 800 பிரயாணிகளோடு வெள்ளத்திடையே நின்றது. தாமிரபரணி ஏரல் கடைவீதிக்குள்ளே நடந்து வந்தது. பெரியப்பாவின் கடையில் அரிசியும் பருப்பும் சேறாயின; கணக்குநோட்டுகள் கூழாயின. அதன்பின் அவர் கடை திறந்திலர்.

தமக்கையார் வேலையை விட்டு வந்தார். பாளையங்கோட்டையில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, தோழி ஒருவருடன் கூடி, இக்காலத்தார் ஸ்டார்ட்டப் என்று வழங்கும் புதுத்தொழிலொன்றைத் தொடங்கினார். முதல் யாதெனின், கழுத்துச் சங்கிலி இரண்டு. பண்டம் யாதெனின், சுக்கு, மல்லி, மிளகு, ஏலம் இவற்றை இடித்துக் கருப்பட்டியோடு சேர்த்த தூள். கொதிநீரில் இட்டால் காப்பியாகும். காப்பிக்கொட்டை அதில் ஒன்றுமில்லை.

“தம்பி, நீ தமிழ் ஆனர்ஸ் படிக்கிறாயே, ஒரு நல்ல மார்க்காப் பெயரும், அதன்கீழே போட ஒரு வரியும் எழுதித் தா” என்றார். எம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. பல நாள் கண்விழித்து நிகண்டும் அகராதியும் புரட்டி நாற்பத்திரண்டு பெயர்களை எழுதினோம். அவற்றுள் எம் நெஞ்சைக் கவர்ந்தன இரண்டு. ஒன்று தண்பொருநை. மற்றொன்று திரிகடுகம். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்துக்கும் அப்பெயர். பதினெண்கீழ்க்கணக்கு நூலொன்றுக்கும் அப்பெயர். திப்பிலி ஒன்றுதான் குறை. அதையும் சேர்த்துவிட்டால் ஆயிற்று என்று வாதாடினோம். பெயருக்காகப் பண்டத்தை மாற்றச் சொன்ன புலவர் யாமே போலும்!

பெரியம்மையிடம் திரிகடுகம் என்றோம். “விளக்குத்திரியா?” என்றார்கள்.

தமக்கையார் சிரிக்கவில்லை. “இதைக் கடையிலே கேட்டு வாங்கவேண்டியவர்கள் தேர்வு எழுத வருகிறவர்கள் அல்லர், தம்பி” என்றார். அதனினும் பெரிய அடியை வழக்கறிஞர் ஒருவர் தந்தார். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி, பண்டத்தின் வகையையோ குணத்தையோ அது பிறந்த இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவுசெய்தல் அரிது. சுக்குக்காப்பி என்பது எல்லார்க்கும் பொது. பொருநையோ எல்லார்க்கும் உரிய ஆறு. ஒருவர் வேலியிட்டுக்கொள்ள ஒண்ணாது. நெடுநாள் வழக்கத்தால் மக்கள் ஒரு பெயரை ஒரு கடைக்கே உரியதென்று கொண்டுவிட்டால் மட்டும் சட்டம் சற்று இணங்கும். பண்டங்களும் பணிகளும் 45 வகுப்புகளாகப் பகுக்கப்பட்டுள்ளன என்றும், காப்பியும் சர்க்கரையும் 30ஆம் வகுப்பில் அடங்கும் என்றும், ஒருமுறை பதிந்தால் பத்தாண்டு நிற்கும் என்றும் அவர் வாயிலாக அறிந்தோம். நாற்பத்திரண்டு பெயர்களுள் முப்பத்தெட்டு அன்றே இறந்தன.

நிற்க. சென்ற ஐப்பசியில் எம் சேகரத்து விற்பனைவிழாவில் தமக்கையார் ஒரு மேசை போட்டார். பெயரில்லாத வெள்ளை உறைகள். ஒரு பெரிய பாத்திரத்தில் காய்ச்சிய காப்பி. நண்பகலில் மழை பிடித்துக்கொண்டது. பந்தலின் ஒரு மூலையில் ஒதுங்கிய கூட்டம் முழுவதும் அவர் மேசையைச் சூழ்ந்தது. வேறு செய்ய வழியின்றிக் குடித்தார்கள் என்பதே உண்மை. ஆயினும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று நான்கு பேர் வந்து, “அந்த மழைக்காப்பி இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டனர். அதற்கடுத்த வாரம் கேட்டவர்களோ விழாவுக்கு வந்தவர்களே அல்லர்.

பெயர் தானே வந்து நின்றது. தமக்கையார் ஏற்றிலர். “மழை என்று அச்சடித்த பொட்டலத்தை அப்பா கையில் எப்படிக் கொடுப்பேன்?” என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. ஏரலில் சேறு அள்ளிய நாட்களில் யாமும் உடனிருந்தோம். இரவில் தூறல் விழும் ஓசை கேட்டால் பெரியப்பா எழுந்து வாசலில் வந்து நிற்பதை இன்றும் காண்கிறோம்.

ஆயினும் மாணாக்கர் வாய் சும்மா இராது. நெல்லை நகரில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலைப்பொழுதில் சில மணிநேரமே அல்வா விற்கும் கடையை எடுத்துக்காட்டினோம். அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, விளக்கொளியும் மங்கல். அக்குறையையே பெயராக்கி இருட்டுக்கடை என்றது ஊர். பிறர் அப்பெயரைத் திருடத் தொடங்கியபின், உரிமையாளர் அதனையே சட்டப்படி தமதாக்கிக்கொண்டனர். எந்தப் புலவரேனும் இனிப்புப் பண்டத்துக்கு இருட்டு என்று பெயர் தந்திருப்பாரா? யாம் தந்திரோம்.

மேற்கே போனால் இன்னொன்று. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் பணிமனை வைத்துள்ள சோஹோ நிறுவனம் 2021இல் ஒரு செய்திச் செயலியை வெளியிட்டு, அதற்கு அரட்டை என்று பெயரிட்டது. பயனில்லாத பேச்சு என்பதன்றோ அச்சொல்லின் பொருள்? அரட்டு என்னும் வினைக்கோ அச்சுறுத்தல் என்னும் பொருளும் உண்டு; எம் ஊர்ப் பாட்டிமார் இன்றும் பிள்ளைகளை அரட்டுவர். நான்காண்டு அதனைப் பலர் அறியார். 2025 செப்டம்பரிலே, நாளொன்றுக்கு 3,000 பேராக இருந்த புதுச்சேர்க்கை மூன்று நாட்களில் 3,50,000 ஆயிற்று என்று அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். அப்பொழுது வடநாட்டார் சிலர், பெயர் நாவிற் புகவில்லை, மாற்றுக என்றனர். மாற்றிலர். அச்சொல்லை அந்நாட்களில் வடநாட்டார் திருத்தித் திருத்திச் சொல்லிப் பழகியதைக் கேட்டபோது, தமிழ் படிக்கும் எமக்கு உண்டான களிப்பை மறைப்பானேன்?

தமக்கையார் எல்லாம் கேட்டார். “இருட்டு யாரையும் அடித்துக்கொண்டு போகவில்லை, தம்பி” என்றார். யாம் வாய்மூடினோம்.

பெயர் அங்ஙனம் நிற்க, கீழ்வரிக்கு வந்தோம். “உடற்கும் உளத்திற்கும் உரம்” என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அதனை அடித்துவிட்டு அவர் எழுதியது: “சுக்கு, மல்லி, மிளகு, ஏலம், கருப்பட்டி. வேறொன்றுமில்லை.” இதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை என்று முணுமுணுத்தோம். அவரோ கடைசிச் சொல்லிலேயே அஞ்சி நின்றார். வேறொன்றுமில்லை என்று அச்சிட்டால் அது மெய்யாயிருத்தல் வேண்டுமே! சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் கருப்பட்டியிற் பல சர்க்கரை கலந்தவை. ஆகவே சித்திரையில் இருவரும் உடன்குடிப் பக்கம் சென்றோம். சுண்ணாம்பு தடவிய கலயத்திற் பதநீர் இறங்குவதையும், விறகடுப்பில் அது பொங்கிச் சுருங்குவதையும், பதம் பார்த்துச் சிரட்டையில் வார்ப்பதையும் விடியற்காலை தொடங்கி உடனிருந்து பார்த்தோம். காய்ச்சிய அம்மையார், கலப்பில்லாததற்கு இன்ன விலை என்று ஒளிக்காமற் சொன்னார், தமக்கையார் கணக்குப் போட்டு முகம் வாடினார், ஆயினும் வாங்கினார்.

திரும்பும் பேருந்திலே எமக்கு ஒன்று தோன்றியது. கரும்பின் கட்டி கருப்புக்கட்டி. அதுவே மருவிக் கருப்பட்டி என்பர். பனையிற் பிறந்த பண்டம் கரும்பின் பெயரைச் சுமக்கின்றது. பெயரில் அன்று புகுந்த கரும்பு, பண்டத்திலும் இன்று சர்க்கரையாய்ப் புகுந்துவிட்டதே என்றோம். அன்றுதான் தமக்கையார் எம் இலக்கணத்தைக் கேட்டு முதன்முறை சிரித்தார். சிறிது நேரம் கழித்து, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “மழைக்காப்பி என்றே போடுவோம். அப்பாவிடம் நானே சொல்லுகிறேன்” என்றார்.

சிறுதொழிலார்க்குரிய 4,500 ரூபாய்க் கட்டணத்தைச் செலுத்தி விண்ணப்பமும் போயிற்று. அது குறியிதழில் வெளிவந்தபின் நான்கு மாதம் வரை எவரும் தடைகூறலாம். ஆதலின் பெயர் இன்னும் முற்றும் எமதன்று.

அச்சகத்திலிருந்து முதற்கட்டு உறைகள் வந்த அன்று, ஒன்றை நிரப்பி ஒட்டிக்கொண்டு ஏரலுக்குச் சென்றோம். சொல்லுகிறேன் என்ற தமக்கையார் அதுவரை சொல்லியிருக்கவில்லை. உறையை அவர் கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். மேல்வரியைப் படித்தார், நெடுநேரம் அதிலேயே நின்றார். பின்பு கீழ்வரியை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தார். உறையைத் திருப்பி எடையையும் விலையையும் பார்த்து, கடைக்காரர் வழக்கப்படி உள்ளங்கையில் ஏந்தி நிறுத்தார்.

“அடுப்பிலே தண்ணீர் வை” என்றார் பெரியம்மையிடம்.