என்ஜினுக்குப் பிறகு வாங்க வேண்டியவை

அம்பாசிடரில் வேறு என்ஜின் ஏற்றிய கதையை நான் எடுத்தால் கேட்பவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். என்ன என்ஜின்? எவ்வளவு ஆச்சு? "என்ஜினோடு வேறென்ன வாங்கினீர்கள்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பழைய வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிக்கும் நண்பர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் வண்டி மார்க் 2 அம்பாசிடர். கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருந்த என் மாமனார் 1970களின் தொடக்கத்தில் வாங்கியது. அம்பாசிடரின் பூர்வீகம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் மூன்றாம் வரிசை வண்டியைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கத்திலுள்ள உத்தர்பாராவில் அம்பாசிடர் என்ற பெயரில் செய்தது. எங்கள் மார்க் 2-ல் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரை சமதளத்தில் அது எங்களை ஒருநாளும் கைவிட்டதில்லை.

மலை வேறு விஷயம். கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், வண்டியை வெள்ளிமலையிலேயே வைத்திருந்தேன். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறத் தொடங்கினால் கொஞ்ச தூரத்தில் வெப்பமானி முள் நிமிர்ந்துவிடும். கரியாலூர் போய்ச் சேருவதற்குள் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பகலில் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இரவில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்னால் மலைக் கிராமத்தில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தாலோ பாம்பு கடித்தாலோ, ஜீப்போ காரோ வைத்திருப்பவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எங்கள் கதவையும் தட்டினார்கள். நம்பி ஏற முடியாத வண்டியை, நோயாளியை ஏற்றிக்கொண்டு நம்பி இறக்கவும் முடியாது. 2003-ல் என்ஜினை மாற்றுவதென்று முடிவு செய்ததற்கு இதுதான் காரணம். வேகத்துக்காக அல்ல.

அப்போது எங்கள் பக்கத்தில் என்ஜின் மாற்றம் என்றாலே டீசல்தான். பழைய பெட்ரோல் ஜீப்புகள் பலவும் டீசலுக்கு மாறிய காலம். அம்பாசிடரிலும் அதே 1489 சி.சி. அளவில் டீசல் என்ஜின் உண்டு. செலவு குறைவு. ஆனால் பெட்ரோல் என்ஜினைவிட அதற்கு வலு குறைவு. மலையேற மூச்சு வாங்குகிற வண்டிக்கு அதைவிட மூச்சு குறைந்த என்ஜின் எதற்கு? அதனால் ஐசுசு 1800 என்று தீர்மானித்தோம். 1817 சி.சி., சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை இந்தூர் பக்கத்திலுள்ள பீதம்பூரில் செய்து, முதலில் கான்டெசாவிலும் 1990களில் அம்பாசிடரிலும் பொருத்தியது. அம்பாசிடர் உடம்புக்குள் கம்பெனியே வைத்த என்ஜின் என்பதால் நமக்கு வேண்டிய உதிரிகளும் கிடைக்கும் என்பது கணக்கு. பெட்டி பிரிக்காத என்ஜின் ஒன்று கியர் பெட்டியோடு சேலத்தில் ஒரு கிடங்கில் கிடப்பதாக என் அண்ணன் மகன் கண்டுபிடித்து வந்தான்.

அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில். செவ்ரோலே என்ஜின்களை மரப்பெட்டியில் புதிதாக விற்கிறார்கள். எந்தப் பழைய வண்டிக்கு எந்த மவுண்டிங், எந்த ரேடியேட்டர் என்று அதற்கேற்ற சாமான்களும் தனியாகக் கிடைக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. நமக்கு இருப்பது லேத் பட்டறையும் நல்ல மெக்கானிக்கும். கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு வாய்த்த மெக்கானிக் அதிகம் பேசாதவர். பெட்டியைப் பிரித்து என்ஜினைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சாக்பீஸ் எடுத்து ஷெட் சுவரில் நான்கு தலைப்பு எழுதினார்: உட்கார, ஆற, ஓட, நிற்க. "சார், என்ஜின் வாங்கியாச்சு. இனிமே இந்த நாலுக்கும் வாங்கணும். கையில எவ்வளவு இருக்கு?" என்றார்.

முதலில், உட்கார. என்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டும் ரப்பர் மவுண்டிங்கும் பழையவை சேராது. ஐசுசு அம்பாசிடருக்கு உரியதையே வாங்கினோம். இங்கே லேத்தில் அடித்த பிராக்கெட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் என்ஜின் ஒரு விரல் அளவு தள்ளி உட்கார்ந்தால்கூட, பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, யுனிவர்சல் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும், வண்டி அதிரும். பழைய வண்டியில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தது. புதுப் பெட்டிக்குத் தரையிலிருந்து லீவர் வர வேண்டும். அதற்குத் தரைத் தகட்டை வெட்டிப் புதிதாக மூடி அடித்தோம். என்ஜின் எடை மாறினால் முன்பக்கத்தின் உயரமும் மாறும். அம்பாசிடரின் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் என்பதால் உயரத்தைத் திருப்பிச் சரிசெய்ய முடிந்தது.

இரண்டாவது, ஆற. எரிகிற பெட்ரோலின் சக்தியில் சக்கரத்துக்குப் போவது கால் பங்கைச் சுற்றித்தான். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போக வேண்டும். 50 குதிரைக்கு இருந்த ரேடியேட்டரை 75 குதிரைக்கு வைத்தால் பழைய கதையேதான், இன்னும் சீக்கிரமாக. செம்பு பித்தளையில் கூடுதல் வரிசைக் குழாய் வைத்துப் புது ரேடியேட்டர் கட்டினோம். ஃபேன் காற்று சிதறாமல் ரேடியேட்டர் வழியாகவே போக ஒரு தகட்டுக் கூடும் வைத்தோம். நம் ஊரில் என்ஜின் சூடானால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வழக்கம். எங்கள் மெக்கானிக் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் தேயும் என்றார்.

மூன்றாவது, ஓட. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே என்ஜினுக்கு உரிய ஒரே செட்டாகப் புதிதாக வாங்கினோம். புரொப்பெல்லர் ஷாஃப்டை நீளம் அளந்து வெட்டி, பற்றவைத்து, சேலத்தில் பேலன்ஸ் செய்து வாங்கினோம். பேலன்ஸ் செய்யாத ஷாஃப்ட் கொஞ்ச நாளில் கியர் பெட்டியின் ஆயில் சீலைத் தின்றுவிடும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. அதற்கு ஏற்பத் தடிமனான வயர், புது ஃப்யூஸ். கிரவுன் பினியனை மாற்றலாமா என்று ஒரு வாதம் நடந்தது. மாற்றினால் நெடுஞ்சாலையில் என்ஜின் அலட்டாமல் ஓடும் என்றான் அண்ணன் மகன். மெக்கானிக் பற்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மலைக்குப் பழையதே நல்லது, ஏறும்போது இழுக்கும், இறங்கும்போது பிடிக்கும் என்றார். அதை விட்டுவிட்டோம். கியர் பெட்டி மாறியதால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டியது. சேலம் சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்துக் கணக்குப் பார்த்து, எவ்வளவு தப்பு என்று டாஷ்போர்டில் எழுதி ஒட்டினேன்.

இங்கே வருவதற்குள் கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. மிச்சத்தில் அகல டயரும் நல்ல இருக்கையும் போடலாம் என்று வீட்டில் ஒரு கட்சி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்று நான் ஒரு கட்சி. சுவரில் நான்காவது தலைப்பு அப்படியே இருந்தது.

நான் பாடம் நடத்தியவன். அதனால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். வண்டியும் ஐந்து ஆட்களும் சேர்ந்து 1500 கிலோ. 700 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் சேர்ந்திருக்கும் சக்தி முழுவதும் கீழே வருவதற்குள் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். அது சுமார் ஒரு கோடி ஜூல். 35 லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கும் வெப்பம். இரண்டு தவலைத் தண்ணீர் கொதிக்கும் சூட்டை நான்கு பிரேக் டிரம்மில் ஏற்றினால் என்ன ஆகும்? டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. புது என்ஜின் வண்டியை முன்னைவிட வேகமாக உச்சிக்குக் கொண்டுபோகும். இறக்கிக் கொண்டுவருவது பழைய டிரம்கள்தான்.

வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பிந்திய அம்பாசிடரின் முன்சக்கர டிஸ்க் பிரேக்கை ஹப்போடு வாங்கினோம். வாக்குவம் பூஸ்டரும், இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரும் வந்தன. பழைய ஒற்றை சிலிண்டரில் ஒரு குழாய் விட்டால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரண்டு அறை இருந்தால் பாதியாவது மிஞ்சும். இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ், பின்சக்கர லைனிங், ஹேண்ட் பிரேக் கம்பி எல்லாம் புதிது. டயர் பழைய அளவிலேயே, நல்லதாக நான்கு. இருக்கை பழையதே. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ஜினுக்குக் கொடுத்த தொகைக்கு ஏறக்குறைய சமமாக மற்றவற்றுக்கும் கொடுத்திருந்தோம்.

மரவள்ளி மூட்டை ஏற்றி மலையிறங்கும் லாரி டிரைவர்கள் சொல்லும் விதி ஒன்று: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. சிலர் பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறக்குவார்கள். பூஸ்டர் வைத்த வண்டியில் அது தற்கொலை. என்ஜின் ஓடினால்தான் பூஸ்டருக்கு வாக்குவம். அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

2005 மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள். தலைப்பிரசவம். பெண், அவள் தாயார், கிராம செவிலியர், நான், என்னோடு வழிகாட்ட ஒரு பையன். மழையில் மலைப்பாதை முழுக்க மண் சரிந்து கிடந்தது. முழு இறக்கத்தையும் இரண்டாவது கியரில் இறங்கினேன். ஒரு வளைவில் முறிந்த மரம் குறுக்கே கிடந்தது, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தபோது இருபது அடிகூட இல்லை. மிதித்தேன், நின்றது. அந்த அம்மா பின்னாலிருந்து "மெதுவா போ சாமி" என்று மட்டும் சொன்னார். பையன் இறங்கிக் கிளையை இழுத்துப் போட்டான். கோமுகி அணைக்கு வந்தபோதும் பெடல் புறப்பட்டபோது இருந்த அதே உயரத்தில்தான் இருந்தது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் விடிவதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது. இப்போது கல்லூரி முடித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். என்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி. புத்தகத்தில் புது என்ஜின் எண்ணை ஏற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் ரசீதோடு போய் ஏற்றினோம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இன்று யாராவது இறங்குவதாக இருந்தால், முதல் வேலை மெக்கானிக்கிடம் போவதல்ல. மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்டு அனுமதியை எழுத்தில் வாங்குவது. அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிப்பது. பதிவில் இல்லாத என்ஜினோடு விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்தால், வாங்கும் வரிசையை மெக்கானிக்கின் சுவரிலிருந்து தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்க, பிறகு ஆற, பிறகு ஓட, உட்கார. என்ஜின் கடைசி. என்ஜின் விலையைக் கேட்டதும், அதே தொகையை இன்னொரு முறை எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் இருக்கிற என்ஜினையே ரீபோர் செய்து, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புது பிரேக் லைனிங் போட்டு ஓட்டுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.