மலையேறும் வரை

எங்கள் ஊரில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்கும்வரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. முக்கிளைக் கம்பத்துக்கு விடியக்காலம் மஞ்சள் தண்ணியும் வேப்பிலையுமாக ஊற்ற வேண்டும். மகள் பெங்களூரில், மகன் புனேயில். எங்கள் வீட்டில் இந்தக் கட்டு இப்போது எனக்கும் அவர்கள் அப்பாவுக்கும் மட்டும்தான்.

முப்பது வருசமாக மாவிளக்கு என் கைவேலை. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, பழைய வேட்டியில் நிழலில் உலர்த்த வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உள்ளங்கையில் ஒட்ட வேண்டும், விரலைப் பிரித்தால் உதிர வேண்டும். அந்த ஈரத்தில் இடித்துச் சலித்து, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைவேன். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சர்க்கரை. தண்ணீர் ஒரு சொட்டும் ஆகாது. கல்யாணமான முதல் வருசம், மாவு கூடிவரவில்லை என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கை தெளித்துவிட்டேன். கோயிலில் பாதி எரியும்போதே குழி இளகித் திரி சாய்ந்தது. "அரிசி வச்சிருக்கிற ஈரமே போதும் அம்முணி" என்றார் என் அத்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு ஒன்று, பிள்ளைகள் பேருக்கு ஒவ்வொன்று என மூன்று விளக்கு பிடிப்பேன். மகனுக்கு அம்மை வார்த்தபோது வேண்டிக்கொண்டது. கொங்கில் அம்மாக்களின் பக்தி பெரும்பாலும் இப்படி நோய்ப் பயத்தில் பிறந்ததுதான். கோவையில் பிளேக் மாரியம்மனுக்கே கோயில்கள் உண்டு, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைச் சூறையாடிய கொள்ளைநோயின் நினைவாக. 2021இல் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். செய்தியைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் ஆச்சரியப்படவில்லை. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980இல் அறிவித்துவிட்டார்கள். அதற்காக எந்த ஊரிலும் நோம்பியை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன வருசம் சாட்டுக்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள். "அம்மா, இனிமே என்ற பேருக்கு விளக்கு வைக்காத. எனக்கு நம்பிக்கை இல்லை. பொய்யா வைக்கிற மாதிரி இருக்குது."

"ஆகட்டும் கண்ணு" என்றேன். சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. பள்ளிக்கூடம், பரீட்சை, வேலை என்று அவளுக்காகக் கேட்டுக் கேட்டே அம்மனிடம் பேசப் பழகியவள் நான். அதை எடுத்துவிட்டால் அங்கே நின்று என்ன பேசுவது?

மாவிளக்கு எடுக்கும் புதன்கிழமை விடியலில் மாவை உருட்டினேன். இரண்டு என்று எண்ணித்தான் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் தட்டில் மூன்று. கை அதன் கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது. பெருவிரலால் குழி அமுக்கி, நெய் ஊற்றி, திரி போட்டு, வேப்பிலை சுற்றி எடுத்துப் போனேன்.

பூசாரி கேட்டார்: "மூணாவது யாரு பேருக்குங்க அம்மிணி?"

"மாவு மீந்துருச்சுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார். வழக்கமாக விளக்கு மலையேறும்வரை கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நிற்பேன். அன்று சும்மா நின்று பார்த்தேன். சுடர் உயரமாக, ஆடாமல் நின்றது. மாவின் பதம் அத்தனை சரியாக வந்திருந்தது. எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோசம்.

ராத்திரி மகள் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "அந்தக் கருகின நடுத்துண்டு இருக்குதா?"

நெய் ஊறி, திரியைச் சுற்றிப் பொரிந்திருக்குமே, அது. சின்ன வயதில் அதற்காக அண்ணனும் தங்கையும் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள். மூன்று விளக்கின் நடுவையும் கிள்ளி, வாழையிலையில் பொதிந்து, மறுநாள் பெங்களூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். இரண்டு நாளைக்குக் கெடாது. தண்ணீர் படாத மாவு.