வரைபடம் மேலே போன இடம்

ஒரு பாட்டியின் அழுகைக்குப் பொய்த் தலைப்பு வைத்து என் யூடியூப் சேனலுக்கு ஆள் சேர்த்தேன். தலைப்பு பொய் என்று தெரிந்தேதான் வைத்தேன். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை.

சேனலைத் தொடங்கிய எண்ணம் நல்ல எண்ணம்தான். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் செனாய் இப்போது விமான நிலையமும் தொழிற்சாலைகளும் உள்ள ஊர். விடிவதற்கு முன்பே பலர் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறின; சில வீடமைப்புப் பகுதிகளாகவே ஆகிவிட்டன. விடியலில் ஆட்கணக்கு எடுத்த பெரட்டுக் களத்தையும் லயத்து வீட்டையும் குழந்தைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகையையும் நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றுதான் கேமராவைத் தூக்கினேன்.

பார்க்க ஆள் வரவில்லை. 2018-இல் வந்த விதிப்படி, விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுக்களில் நுழைந்து, நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு, நான் உனக்குப் பண்ணுகிறேன் என்று பண்டமாற்றில் இறங்கினேன். அதை யூடியூப் தடை செய்திருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் பயனில்லை: அப்படிச் சேர்ந்தவர்கள் வீடியோவைத் திறப்பதே இல்லை. எண் ஏறும், பார்வை நேரம் ஏறாது.

நேர்மையாக வளர்ந்தவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சுங்கை சிப்புட்டின் சுகு–பவித்ரா தம்பதி, தங்கள் எளிய வீட்டிலிருந்து மலாய் மொழியில் சமையல் சொல்லிக் கொடுத்து நாடறிந்தவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அதுவே. எதைச் சமைக்கிறார்களோ அதையே தலைப்பில் போட்டார்கள். நானோ, சோற்றுக்குத்தான் கூட்டம் வரும், பழைய கதைக்கு வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பாட்டி மகன் வீட்டில் இருக்கிறார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பால்மரம் வெட்டப் போனதையும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் ஓடி ஓடி வெட்டியதையும், தோளில் வைத்த காண்டாக் கம்பில் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்ததையும் விரிவாகச் சொன்னார். பிறகு அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, அவருடைய அண்ணனுக்குத் தோட்ட வேலை போனது. ஆயிரக்கணக்கானவர்களோடு அவரும் 'ரஜுலா' கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். அதன்பின் தங்கை அவரைப் பார்க்கவே இல்லை. அதைச் சொல்லும்போதுதான் பாட்டி அழுதார்.

முழுப் பேட்டியையும் முதலில் உள்ளபடியே போட்டேன். யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வரைபடம் உண்டு. எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்கே விலகினார்கள் என்று காட்டும். ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கோடு அங்கே மேலே எழும்பும். பால்மரம் வெட்டுவதைப் பாட்டி விளக்கிய இடத்தில் கோடு சரிந்து கிடந்தது. அவர் அழுத இடத்தில் எழும்பியிருந்தது. அந்த மேட்டைப் பார்த்த இரவில் எனக்கு வந்தது மகிழ்ச்சி. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அழுகையை மட்டும் வெட்டி எடுத்தேன். அண்ணனையும் கப்பலையும் பெர்மிட்டையும் நீக்கினேன். முகப்புப் படத்தில் கண்ணீர் வழியும் முகம். மேலே சிவப்பு எழுத்தில், 'பெற்ற பிள்ளையே கைவிட்ட தாய்'. அந்த மகன் தினமும் சிங்கப்பூர் போய் உழைத்து, திரும்பியதும் தாய்க்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். பேட்டியன்று எனக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அந்த வீடியோவால்தான் என் சேனல் இரண்டு எல்லைகளையும் தாண்டியது. கீழே அந்த மகனைச் சபித்து எழுதியவர்களுக்கு நான் இதயக் குறியும் போட்டேன். வேலையிடத்தில் அவரிடமே அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவி கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எடுத்திடுங்க" என்றார். அடுத்த நாளே எடுக்கவில்லை. பார்வை குறையத் தொடங்கிய பிறகுதான் எடுத்தேன். அதற்குள் வேறு சேனல்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டன. அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன. நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அல்காரிதம் இப்படிச் செய்ய வைக்கிறது என்று என்னைப் போன்றவர்கள் சொல்வதுண்டு. அது கோட்டைத்தான் காட்டியது. கத்தரித்தவன் நான்.

அந்த வீட்டுக்குப் போய் மகனிடமும் மருமகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அந்த விளம்பரப் பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள். சேனலில் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தேன். சொன்னால் சேர்ந்தவர்கள் போய்விடுவார்கள் என்ற பயம். இந்த வாரம் சொல்கிறேன். மகனிடம் வாசகத்தைக் காட்டிவிட்டேன். தாயின் பெயரும் முகமும் வரக்கூடாது, 'கைவிடவில்லை' என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்றார். அப்படியே வைத்திருக்கிறேன்.