தண்ணீர் வடிகிற மாசம்

மாசி பாதி கழிந்துவிட்டால் வைப்பாறு ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கரையைத் தொட்டு ஓடிய செந்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அங்கங்கே கசங்களில் மட்டும் தேங்கி நிற்கும். மேற்கு மலையில் பிறந்து மன்னார் வளைகுடா வரைக்கும் சுமார் 130 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நாங்கள் அந்த மாசங்களில் பார்த்தது கசம், மணல், மறுபடியும் கசம். மீனுக்குப் போக வேறு இடம் கிடையாது. தூண்டிலை எடுக்க அதுதான் சமயம்.

1970களின் கடைசி. விருதுநகர் மாவட்டம் என்று ஒன்று அப்போது இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் நாங்கள். மாமா சிவகாசியில் ஒரு அச்சாபீசில் கம்பாசிட்டர். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஞாயிறு லீவு. விடியுமுன் முதல் பஸ்ஸில் சாத்தூர் போய் இறங்கி, ஆற்றங்கரையோடு மேற்கே நடப்போம். கசம் எங்கே இருக்கிறதென்று மாமா முந்தின வருஷத்து ஞாபகத்தை வைத்துத் தேட மாட்டார். ஒவ்வொரு வெள்ளமும் மணலைப் புரட்டிப் போட்டுவிடும் என்பார். கரையோர நாணல் எங்கே பச்சையாக நிற்கிறது, கொக்கு எங்கே காத்துக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் இடம் பிடிப்பார்.

எங்கள் தூண்டிலில் பாதிச் சிவகாசி தொங்கும். ஈயக்குண்டு கடையில் வாங்கியதில்லை, தேய்ந்துபோன அச்செழுத்துதான். அதன் உடம்பில் ஒரு பக்கம் சின்னப் பள்ளம் இருக்கும், கோர்க்கிறவர் பார்க்காமலே விரலால் தடவித் தலைகீழா நேரா என்று தெரிந்துகொள்ள. அந்தப் பள்ளத்தில் நரம்பைக் கட்டினால் நழுவாது. மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு. கரிசக்காட்டில் மயிலுக்கு என்ன பஞ்சம். மண்புழு ஈரமண்ணோடு தீப்பெட்டிக்குள். அந்த நாளில் பெட்டி மரச்சில்லில் செய்தது, ஒரு காலைப்பொழுது ஈரத்தைத் தாங்கும்.

கெண்டைக்கு மைதா மாவு உருண்டை. ஊரில் மைதாப் பசைக்குக் குறைவே இல்லை. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள், சட்டியில் காய்ச்சிய பசை எப்போதும் இருக்கும். ஒருதரம் அதைக் கேட்டு வாங்கப் போனவனை மாமா தடுத்தார். "ஏலே, அதுல மயில்துத்தம் போட்டிருக்கும். பூச்சியே அண்டாது, மீனு அண்டுமா?" பரோட்டாக் கடையில் பிசைந்து வைத்த மாவில் ஒரு உருண்டை கிள்ளி வாங்கி வருவதுதான் வழக்கம். எண்ணெய் ஊறிய மாவு தண்ணீரில் சீக்கிரம் கரையாது.

கெளுத்தி கடித்தால் மிதப்பு ஒரே முழுங்காகப் போகும். கழற்றும்போதுதான் வினை, பக்க முள் குத்தினால் பொழுது சாய்கிற வரை கடுக்கும். ஆரால் வந்தால் நரம்பைச் சிக்காக்கிவிடும். இதெல்லாம் எனக்கு விட்ட மீன்கள். மாமா வந்தது விராலுக்காக.

விரால் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட முடியாது. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். கசத்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு இடத்தில் வாய் தெரியும், வளையம் விரியும், அடங்கும். அடுத்த மூச்சு எந்தப் பக்கம் என்று மாமா கணக்குப் போடுவார். பிறகு சின்னத் தவளை ஒன்றை முள்ளில் மாட்டி, தண்ணீர்மேல் தட்டுத்தட்டாக ஆட்டியபடி அந்தப் பக்கம் கொண்டுபோவார். அந்த நேரத்தில் நான் தும்மினால்கூட முறைப்பு கிடைக்கும். விரால் அடிக்கிற அடியில் மூங்கில் கம்பு வில்லாக வளையும்.

சில நாள் தண்ணீர்மேல் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் நெளியும். விரால் குஞ்சுகள். அடியிலேயே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கிட்டே எது போனாலும் பாய்ந்து கடிக்கும். அப்போது பிடிப்பது ரொம்பச் சுலபம், பிடிக்கிறவர்களும் இருந்தார்கள். மாமா கம்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கசத்துக்கு நடந்துவிடுவார். காரணம் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் வாய்விட்டுத் திட்டியது வெடி போடுகிறவர்களை மட்டும்தான். எங்கள் பக்கத்தில் வெடிக்கு எங்கே போக வேண்டும்? கசத்தில் ஒன்றைக் கொளுத்திப் போட்டால் குஞ்சு குறவை எல்லாம் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும். பொறுக்கியது போக மிச்சம் அங்கேயே நாறும். வெடியால் சோறு தின்கிற ஊர் ஆற்றில் அதைக் காட்டலாமா என்பது அவர் கேள்வி.

ரொம்ப வருஷம் கழித்து நீலகிரியில் அவலாஞ்சி ட்ரவுட் பண்ணையைப் பார்த்தேன். வில்சன் என்ற வெள்ளைக்காரர் 1907ல் அமைத்தது. மலைக்குளிர் இல்லாமல் பிழைக்காத மீனுக்கு அங்கே ஒரு வீடு. அதே வானவில் ட்ரவுட் இனத்தில் ஒரு வகை, வட அமெரிக்காவில், கடலுக்குப் போய்ப் பெருத்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறதாம், ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். பனி உருகி ஆறு பெருகத் தொடங்கும் மாசி, பங்குனியில் அங்கே தூண்டில்காரர்கள் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நிற்பார்கள். அதே மாசங்களில் நாங்கள் முழங்கால் மணலில் நின்றோம்.

எங்களுக்குத் தடைக்காலமும் இருந்தது. இப்போது கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாதென்று அரசாங்கம் போடுகிறது. எங்களுக்குப் போட்டது மாரியம்மன். பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிக் காப்புக் கட்டிவிட்டால் வீட்டில் கவிச்சி நுழையாது. அதனால் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பிடிப்புக்குத் தனி மவுசு. அத்தை விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து வழுவழுப்புப் போக அலசுவாள். ராஜபாளையத்து மாங்காய் சந்தைக்கு வந்திருந்தால் புளியைக் குறைத்து அதை நறுக்கிப் போடுவாள். மண்சட்டியில் வைத்த குழம்பு மறுநாள் காலையில்தான் உச்சத்துக்கு வரும். அதற்காகவே ஒரு கரண்டி ஒளித்து வைப்பதும், அதை யார் தின்றார்கள் என்று சண்டை வருவதும் உண்டு.

மணல் அள்ளி அள்ளி இப்போது ஆற்றில் பாறையும் களிமண்ணும் தெரிகின்றன. பள்ளங்களைச் சீமைக்கருவேல் மூடிக்கிடக்கிறது. வெம்பக்கோட்டைப் பக்கம் இதே ஆற்றின் வடகரையில் 2022லிருந்து தோண்டியதில் சங்கு வளையல்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கடல் சங்கு இவ்வளவு தூரம் வந்து அறுபட்டிருக்கிறது. அந்தக் காலத்து மனுசர் இந்தக் கசங்களில் என்ன பிடித்துத் தின்றார்கள் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஜிலேபிக் கெண்டை இல்லை என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். அது இந்தியாவுக்கு வந்ததே 1952ல். ட்ரவுட்டும் அந்நியன்தான், ஆனால் அதற்குப் பண்ணையும் காவலும் கொடுத்தார்கள். ஜிலேபி யார் தயவும் இல்லாமல் கலங்கல், சூடு, சாக்கடை எல்லாம் தாங்கி, இன்றைக்கு மிச்சமிருக்கிற பள்ளங்களில் பெரும்பாலும் அதுதான்.

மாமா அதைக் கடைசிவரை மீன் கணக்கில் சேர்த்ததில்லை. மாட்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வெள்ளரிப்பிஞ்சு விற்கப் போகிற பெண்கள் யாருக்காவது கொடுத்துவிடுவார். பெரிசாகப் பார்த்துக் கேட்டு வாங்கிப் போவார்கள் அவர்கள்.