இயலாமையும் சோம்பலும்

அஜ்ஸ், கஸல் என்னும் இரு அரபுச் சொற்களை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடிய துஆ ஒன்றில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது இயலாமை; பின்னது சோம்பல். மனமிருந்தும் உடல் இடங்கொடாதிருப்பது ஒன்று. உடல் இடங்கொடுத்தும் மனமில்லாதிருப்பது மற்றொன்று. ஆண்டுதோறும் இவ்வேறுபாட்டை மாணவர்க்குச் சொல்லிவந்த நாம், அதன் முழுப்பொருளை நம் இல்லத்திலேயே காண நேர்ந்தது.

நம் துணைவியாருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை, மருந்தேற்றல், கதிர்வீச்சு ஆகிய மூன்றும் மதுரையில் நடந்தன. கதிர்வீச்சு நாட்களில் அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பேருந்தில் போய் அன்றே திரும்புவோம். வாரத்தில் ஐந்து நாள் இப்படி. நோய் நீங்கிற்று என்றார் மருத்துவர், அல்ஹம்துலில்லாஹ். அயர்ச்சி மட்டும் நீங்கவில்லை. காலையில் எழும்போதே களைப்பு, இரவிலோ உறக்கமில்லை. நலம் விசாரிக்க வந்த உறவுப் பெண்மணி ஒருவர், "வைத்தியம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்றார். கஸல் என்னும் தீர்ப்பை இதைவிடச் சுருக்கமாக எவரும் எழுதிவிட முடியாது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தோன்றியது 1954-இல். அக்காலத்தில் உயிர் தப்புவதே பெரும்பேறு. இன்று தப்பி வாழ்வோர் பலர். ஆதலின், தப்பியபின் வாழ்வது எப்படி என்னும் வினா எழுந்துள்ளது. சிகிச்சைக்குப் பின்வரும் இவ்வயர்ச்சி சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்றும், ஓய்வினால் மட்டும் தீராது என்றும் மருத்துவ நூலார் ஒப்புகின்றனர். இரத்தக்குறைவு, தைராய்டுக் கோளாறு, வலி, மனச்சோர்வு ஆகியவை உடன் உள்ளனவா என்று முதலில் பார்த்துவிட வேண்டும், அவற்றுக்கு மருந்துண்டு.

உறக்கத்தின் கதை வேறு. நம் கரிசற்பூமியில் வேனற்கால வெக்கை நள்ளிரவிலும் அடங்குவதில்லை. போதாததற்கு, நோய் திரும்பாதிருக்க ஐந்தாண்டும் சிலருக்குப் பத்தாண்டும் தரப்படும் தமோக்சிஃபென் மாத்திரை, உள்ளிருந்தே அனலெழுப்பி வியர்க்க வைக்கும். மொட்டைமாடியில் பாய் விரித்தும் பயனில்லாத இரவுகள் உண்டு. அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடலாகாது; மருத்துவரிடம் சொல்லிப் பரிகாரம் கேட்க வேண்டும்.

மருத்துவர் சொன்ன முறைகள் எளியவை, கைக்கொள்வதுதான் கடினம். கண் சொருகினாலன்றிப் படுக்கைக்குப் போகலாகாது. உறக்கம் வராவிடில் புரண்டுகொண்டிராமல் எழுந்து அமர வேண்டும். இரவு எவ்வாறு கழிந்தாலும் விழிக்கும் நேரம் மாறலாகாது. சுபுஹுத் தொழுகை உள்ள வீட்டில் இதற்குக் கடிகாரம் தேவையில்லை. பகலுறக்கம் அரைமணிக்கு மேற்படாதிருக்க வேண்டும். அஸருக்குப் பின் தேநீர் கூடாது. (நம் வீடுகளில் இதுவே எல்லாவற்றினும் பெரிய தியாகம்!) களைத்தவரை நடக்கச் சொல்வது முரணாகத் தோன்றும், ஆயினும் இவ்வயர்ச்சிக்கு நன்கு ஆராயப்பட்ட மருந்து நடையே. துணைவியாரின் தாய்வீடு திருச்சுழிப் பக்கம். அங்கே கண்மாய்க் கரையில், வெயில் ஏறுமுன், முதலில் பத்து நிமிடம் நடந்தார்கள். சில மாதங்களில் அது அரைமணியாயிற்று.

நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். ரமலானில் நோயாளி நோன்பைப் பிற்படுத்தலாம். மீளவே இயலாதவருக்கு ஃபித்யா உண்டு. மார்க்கம் இயலாமையை மதித்து வகுத்த சலுகைகள் இவை. ஆனால் நம் பெண்கள் இவற்றை ஏற்கக் கூசுகின்றனர். அல்லாஹ் மன்னித்தாலும் அண்டைவீட்டார் மன்னிக்க மாட்டார்கள் என்னும் அச்சமே காரணம் என்பது நம் கருத்து. ஸஹருக்கு எழுந்து அடுப்பு மூட்டுபவர் பெரும்பாலும் அவர்களே என்பதையும் ஆண்கள் நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது நம் வீட்டில் சமையல் மருமகளிடமும், தண்ணீரும் கடைத்தெருவும் நம்மிடமும் உள்ளன. மாலையில் தெருச் சிறுமியருக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பதை மட்டும் துணைவியார் எவருக்கும் விட்டுத்தர மறுத்துவிட்டார்கள். பகலெல்லாம் பலத்தைச் சேர்த்துவைப்பதே அதற்காகத்தான் என்கிறார்கள். எழ இயலாத நாட்களில் சிறுமியர் பாயைச் சுற்றி அமர்ந்து ஓதுகின்றனர். அவர்கள் படுத்தபடியே பிழை திருத்துகிறார்கள்.