போதும், கிளம்புங்க

புதிதாகச் சேர்கிறவரைப் பன்னிரண்டாவது நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஐந்து நிமிடம் சைக்கிள், சுவரில் கை ஊன்றிப் பத்து தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பத்து பஸ்கி, கொஞ்சம் நடை. அவ்வளவுதான். "போதும், கிளம்புங்க" என்றதும் பலருக்குக் கோபம் வரும். "இன்னும் வேர்க்கவே ஆரம்பிக்கல மாஸ்டர், காசு கட்டியிருக்கேன்ல?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கிப் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபத்தோடு போகிறவர் மறுநாள் வருவார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்தான் வரமாட்டார்.

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருக்கிறது என் ஜிம். ஒரு டிரெட்மில், இரண்டு சைக்கிள், வெயிட் போட ஒரு மூலை, அதில் யாரும் தொடாத ஒரு ஜோடி கர்லாக்கட்டை. ஒரு பக்கம் பாடி, இன்னொரு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். 1964இல் தொடங்கிய எஸ்டேட் அது. லேத் பட்டறைகளுக்கும் கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்கும் நடுவே இப்போது கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மெஷின் முன்னால் நிற்கிறவர்கள், மீதிப் பேர் ஸ்க்ரீன் முன்னால் உட்கார்கிறவர்கள். முன்பெல்லாம் இந்த இரண்டு கூட்டத்தையும் தெருமுனையிலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். இப்போது இரண்டு பேருக்கும் தொப்பை ஒன்றுபோலவே இருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும், நானே டர்னராக இருந்தவன். பழைய லேத்தில் சக் கீயைப் போட்டு இறுக்க வேண்டும், ஜாபைத் தூக்கி மாட்ட வேண்டும், நாள் முழுக்கக் கை சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் தோள் கனக்கும். பிறகு சி.என்.சி. வந்தது. ஜாபை மாட்டு, கதவைச் சாத்து, பச்சை பட்டனை அழுத்து, நில். அதற்கப்புறம் சூப்பர்வைசர் ஆனேன். நிற்பதும் போயிற்று. கேன்டீனில் சோறு மட்டும் அதே அளவு. ஐந்து வருடத்தில் 74 கிலோ 93 ஆனது.

லண்டன் பஸ்களில் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டு, ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் நாள் முழுக்க ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடம்பை அசைப்பதற்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையில் காட்டிய முதல் பெரிய ஆய்வுகளில் ஒன்று. அவர் சென்னைக்கு வந்திருந்தால் குழம்பியிருப்பார். நம் ஊர் கண்டக்டர் சீட்டை விட்டு அநேகமாக எழுவதே இல்லை. காசைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பி, டிக்கெட்டையும் அதே வழியில் வாங்குகிறோம். கூட்டத்தில் கையைத் தூக்கி நிற்கும் பயணிக்குத்தான் ஏதோ கொஞ்சம் பயிற்சி.

93 கிலோவில் நான் முதலில் சேர்ந்தது வேறொரு ஜிம்மில். முதல் நாளே நூறு பஸ்கி எடுக்கச் சொன்னார்கள். வீம்புக்கு எடுத்தேன். அன்று ராத்திரி பெருமையாக இருந்தது. மறுநாள் தொடை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் கக்கூஸில் உட்கார்ந்து எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஜிம் வாசலை மறுபடி மிதிக்கவில்லை. ஒரு வருடம் வேறு எங்கும் போகவுமில்லை. எனக்கு மனதில் உறுதி இல்லை, நான் சோம்பேறி என்றே அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னால்தான் அந்த வலியின் கணக்கு புரிந்தது. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி உடனே வராது. ஒரு நாள் கழித்துத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். உடலுக்குக் கேடில்லை, ஆனால் ஆளைக் கலைத்துவிடும். என் வருகைப் பதிவைப் புரட்டினால் மூன்றாம் நாள் எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது என்று தெரியும். அவர்களில் யாரும் "வலிக்குது, அதான் வரல" என்று சொன்னதில்லை. "வேலை மாஸ்டர்", "ஊருக்குப் போயிட்டேன்", "மனசு வரல" என்பார்கள். மனசு வராததற்குப் பாதிக் காரணம் தொடை. ஆகவே முதல் பத்து நாள் என் வேலை பயிற்சி கொடுப்பதைவிட நிறுத்துவது. இன்னும் கொஞ்சம் செய்யலாமே என்ற ஆசை மிச்சமிருக்கும்போதே வெளியே தள்ள வேண்டும்.

பன்னிரண்டு நிமிடத்தில் எடை குறையுமா என்றால், குறையாது. 80 கிலோ ஆள் ஒரு மணி நேரம் சாதாரணமாக நடந்தாலே செலவாவது சுமார் 280 கலோரிதான். நடந்து முடித்து டீக்கடையில் நின்று ஒரு டீ, இரண்டு மெதுவடை என்றால் வரவும் செலவும் நேர். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டு. சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையாமல் தடுப்பது, இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பது, இவைதான் பயிற்சியின் பங்கு. இதை முதல் நாளே சொல்லிவிடும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். நேர்மைதான். நான் மூன்று வாரம் கழித்துச் சொல்கிறேன். அதுவரை கேட்டால், "முதல்ல படி ஏறி வாங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்பேன்.

"ஏதாவது மோட்டிவேஷனா சொல்லுங்க மாஸ்டர்" என்று கேட்பவர்கள் உண்டு. செல்போனில் தினம் பத்து வீடியோ பார்க்கிறார்கள், இன்னும் நான் வேறு சொல்ல வேண்டுமாம். இங்கிலாந்தில் 248 கல்லூரி மாணவர்களை வைத்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு குழுவை அப்படியே விட்டார்கள். இன்னொரு குழுவுக்கு இதய நோயைப் பற்றி எடுத்துச் சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். மூன்றாவது குழுவிடம் அதையும் சொல்லி, அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று எழுதவும் வைத்தார்கள். சும்மா விட்டவர்களில் 38 சதவீதம் பேர் செய்தார்கள், ஊக்கம் மட்டும் பெற்றவர்களில் 35. எழுதிக் கொடுத்தவர்களில் 91.

இதைப் படித்த பிறகு நானும் ஒரு அட்டை அடித்தேன். நாள், நேரம், இடம் என்று மூன்று கட்டம். மண்ணூர்பேட்டையில் அது ஒரே மாதத்தில் படுத்துவிட்டது. கல்லூரி மாணவனுக்கு அடுத்த வாரமும் இதே நேரம் இருக்கும். எஸ்டேட்காரருக்கு இந்த வாரம் காலை ஆறு மணி ஷிப்ட், அடுத்த வாரம் மதியம் இரண்டு, அதற்கடுத்த வாரம் நைட். 'தினமும் காலை ஐந்தரை' என்று எழுதுகிறவர் ஐந்தரைக்கு ஒரு வாரம் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார், இன்னொரு வாரம் மெஷினில் இருப்பார், மூன்றாவது வாரம் அடித்துப்போட்டதுபோல் தூங்குவார். எழுதியது தவறியதும், தவறு தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

அட்டையை மாற்றினேன். மணி என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'எது முடிஞ்ச உடனே?' என்று போட்டேன். ஷிப்ட் முடிந்து கார்டு பஞ்ச் பண்ணியதும். பிள்ளையை ஸ்கூலில் விட்டதும். நைட் ஷிப்ட் ஆள் தூங்கி எழுந்து பல் தேய்த்ததும். மணி மாறும், ஆனால் பஞ்ச் பண்ணாமல் யாரும் வெளியே வர முடியாது. ஷூவை வீட்டில் வைக்காதீர்கள், பைக் பெட்டியில் வையுங்கள் என்பேன். வீட்டுக்குப் போய், கைலி மாற்றி, சோபாவில் உட்கார்ந்த ஆளை எழுப்ப என்னால் ஆகாது.

தினமும் ராத்திரி வாட்ஸப்பில் ஒரே கேள்வி அனுப்புவேன்: "நாளைக்கு எந்த ஷிப்ட்?" சிங்கப் படம், பொன்மொழி எதுவும் கிடையாது. இதைத் தொந்தரவு என்று நினைத்துக் கொஞ்ச நாள் விட்டிருந்தேன். சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதும் மறுபடி ஆரம்பித்தேன். தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும், சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கும் 537 ஆண்கள். எல்லோருக்கும் ஆலோசனை ஒன்றுதான், பாதிப் பேருக்கு மட்டும் கூடவே செல்போனில் குறுஞ்செய்தி. இரண்டு வருடத்தில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, செய்தி வந்தவர்களில் 18. நம்மை யாரோ கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பும் அதில் வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு அக்கா வருவார். கார்மென்ட்ஸில் டெய்லர். நாள் முழுக்கத் தையல் மெஷின், மூட்டு வலி, டாக்டர் எடையைக் குறை என்று சொல்லி அனுப்பியிருந்தார். படியேறி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஆறேழு ஆண்கள், ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டு. "தப்பா நினைக்காத தம்பி, எனக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று திரும்பினார். நல்ல வேளையாகக் கீழே வரை கூடவே இறங்கிப் பேசினேன். காலை நான்கரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டு மணிக்குள் வண்டி ஏற வேண்டும். ராத்திரி ஏழரைக்குத் திரும்பினால் மறுபடி அடுப்பு. அவரிடம் உட்கார்ந்து அட்டை எழுதச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. "குக்கர் வச்சா எத்தனை விசில் விடுவீங்க?" என்று கேட்டேன். நாலு என்றார். அந்த நாலு விசில் வரைக்கும் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்க, விசில் அடங்கினா நீங்களும் நிறுத்திடுங்க என்றேன். சிரித்தார். செய்யமாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து வழியில் பார்த்தபோது, "தம்பி, இப்போ பருப்பு தனியா, சாதம் தனியா வைக்கிறேன்" என்றார். விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனமே 2020இல் கைவிட்டுவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அவர்கள் அளவை விசில் விசிலாகவும் சேர்க்கலாம்.

எடை மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஆபீஸ் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். சேரும் நாள் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது செலவானதும் தண்ணீரும் போய்விடும். ஆள் குதிப்பார், ஊரெல்லாம் சொல்வார். மூன்றாவது வாரம் முள் நகராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணி சாப்பிட்டுத் திங்கட்கிழமை ஏறி நின்றால் ஒரு கிலோ கூடவே காட்டும். அன்றோடு வருகை நின்றுவிடும். நமக்கு இதைவிட நல்ல கருவி இடுப்பிலேயே இருக்கிறது. "அர்ணாக்கயிறு தொங்குது மாஸ்டர்" என்று ஒருவர் சட்டையைத் தூக்கிக் காட்டிய நாள் எனக்கு மறக்காது. அவர் எடை அப்போது ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்பு போனால் ஆபத்து என்பது இந்தியர்களுக்கு வகுத்த அளவு. கயிறு கட்டியவருக்கு டேப் தேவையில்லை.

எடை மெஷின் மட்டும் கணக்கல்ல என்பதற்கு ராமச்சந்திரன் குழுவின் 2006 ஆய்வும் துணை. சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரில், நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லித் தரப்பட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலே. முள் நகரவில்லை என்று நின்றுவிட்ட பழைய ஆட்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும். பாதிப் பேர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

வருடச் சந்தா நான் வாங்குவதில்லை. தொழில் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். அமெரிக்க ஜிம்களின் பதிவேடுகளை ஆராய்ந்து இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006இல் எழுதினார்கள்: மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக வந்தது நாலு தடவைக்குச் சற்று அதிகம். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான், மிச்சம். வராதவர் பணத்தில்தான் பெரிய ஜிம்மின் ஏசி ஓடுகிறது. என்னிடம் ஏசி இல்லை. ஜனவரியிலும் ஆடி முடிந்த வாரத்திலும் கூட்டம் வரும், மற்ற மாதங்களில் வாடகைக்கே முக்க வேண்டும். அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை என்றால் புதிதாக யாரும் சேரமாட்டார்கள். அந்த நாட்களில் வந்து சேர்கிறவர் நிலைப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. என் மூடநம்பிக்கை அது.

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். மூன்று வருடத்தில் என்னிடம் நாலாவது தடவையாகச் சேர்கிறவர், நைட் ஷிப்ட்காரர். வாசலிலேயே நின்று, "முதல்லேர்ந்தா மாஸ்டர்?" என்றார். "பன்னிரண்டு நிமிஷம்" என்றேன். சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் கரண்ட் போய்விட்டது. கீழே ஹார்டுவேர் கடையிலும் இருட்டு. ஈ.பி.க்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டே தெருவுக்கு இறங்கிவிட்டேன். அரை மணி கழித்து, செல்போன் வெளிச்சத்தில் மேலே வந்தபோதுதான் அவர் நினைவு வந்தது. ஹாலில் யாரும் இல்லை. நாற்காலி சுவரோரம் இழுத்துப் போடப்பட்டிருந்தது. மேசையில் அவருடைய அட்டை, அன்றைய கட்டத்தில் டிக், பக்கத்தில் 12 என்று எழுதியிருந்தார்.