ஓட்டம் முடிந்த பிறகு… கென்டக்கி குதிரைகளின் இன்னொரு வீடு

"சித்தி, எனக்கு ஒரு குதிரை வேணும்."

2019 அக்டோபர். சின்சினாட்டியில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கிய இரண்டாம் நாள். காலைக் காபியின்போது பாப்பா இப்படி ஒரு குண்டைப் போட்டாள். அவளுக்கு அப்போது 16 வயது. மூன்று வருடமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்தாள்.

"விலைக்கு வேண்டாம். ரேஸில் ஓடி ரிட்டயர் ஆன குதிரையைத் தத்து எடுக்கலாம்."

"அது என்ன நாய்க்குட்டியா?" என்றார் மாமா, லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அக்கா சமாதானம் செய்தாள். சனிக்கிழமை காலை, டப்பாவில் புளியோதரையோடு நாலு பேரும் காரில் கிளம்பினோம்.

ஒஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி மாநிலம். தெற்கே ஒரு மணி நேரம் போனதும் காட்சி மாறுகிறது. மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, அதைச் சுற்றிக் கறுப்பு மரவேலி, உள்ளே குதிரைகள். இந்தப் புல்லின் பெயர் 'புளூகிராஸ்'. பேரில்தான் நீலம், பார்க்க நல்ல பச்சை! மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அந்தச் சத்து புல்லிலும் தண்ணீரிலும் இறங்கி, குதிரையின் எலும்பை உறுதியாக்குகிறது என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். இங்கிருக்கும் லெக்சிங்டன் நகரம் தன்னை 'உலகின் குதிரைத் தலைநகரம்' என்றே சொல்லிக்கொள்கிறது.

1875 முதல் நடக்கும் புகழ்பெற்ற 'கென்டக்கி டெர்பி' பந்தயமும் இதே மாநிலத்தில்தான். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும். ஆட்டம் இரண்டே நிமிடம்! பெரும்பாலான குதிரைகளுக்கு ஐந்தாறு வயதில் பந்தய வாழ்க்கை முடிந்துவிடும். ஆனால், குதிரை 25, 30 வயதுவரைகூட வாழும். மிச்சமிருக்கும் இருபது வருடங்களுக்கு அது எங்கே போகும்?

எங்கள் தாத்தா கிண்டி ரேஸுக்குப் போவார். வீடு திரும்பியதும் "எவ்வளவு போச்சு?" என்று பாட்டி கேட்பாள். ஓடிய குதிரை பிறகு எங்கே போச்சு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஜார்ஜ்டவுன் அருகே இருக்கும் 'ஓல்ட் ஃபிரண்ட்ஸ்' பண்ணையில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. இருநூறு ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் பண்ணை. நூற்றுக்கும் அதிகமான ஓய்வுபெற்ற குதிரைகள். 'பாஸ்டன் குளோப்' பத்திரிகையில் சினிமா விமர்சகராக இருந்த மைக்கேல் புளோவன் தொடங்கியது. கையில் கேரட் வாளியோடு வந்த வழிகாட்டி, முதலில் ஃபெர்டினாண்ட் கதையைச் சொன்னார்.

ஃபெர்டினாண்ட் 1986-ல் டெர்பி ஜெயித்த குதிரை. ஓட்டிய பில் ஷூமேக்கருக்கு அப்போது 54 வயது. அடுத்த வருடம் அமெரிக்காவின் 'ஆண்டின் சிறந்த குதிரை' பட்டமும் கிடைத்தது. 1994-ல் இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே எதிர்பார்த்த மவுசு இல்லை. 2002-ல் இறைச்சிக்கூடத்துக்குப் போய்விட்டது. மறுவருடம் அந்தச் செய்தி வெளிவந்தபோது குதிரை உலகமே அதிர்ந்துபோனது.

காரில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பாப்பா, வேலியைப் பிடித்தபடி நின்றாள். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வேலிக்குள் சில்வர் சார்ம். 1997 டெர்பி வெற்றியாளன். ஒரு காலத்தில் சாம்பல் நிறம். நாங்கள் பார்த்தபோது முழுக்க வெள்ளை. இவனும் ஜப்பானுக்குப் போனவன்தான். 2014-ல் பத்திரமாகத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். 1997-ம் வருடப் பந்தயங்களில் இரண்டை ஜெயித்து, மூன்றாவதையும் ஜெயித்தால் 'டிரிபிள் கிரவுன்' என்ற நிலையில், கடைசி நேரத்தில் இவனை முந்தியவன் டச் கோல்ட். அவனும் ஓய்வுக்கு வந்து சேர்ந்தது இதே பண்ணைக்குத்தான்!

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல புல் மேயறாங்க பாரேன்" என்றார் மாமா. காலையிலிருந்து அவர் குதிரையைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. வழிகாட்டி நீட்டிய கேரட்டைத் தயங்கித் தயங்கி வாங்கி, சில்வர் சார்முக்குக் கொடுத்தார்.

மதியம் போனது ஒரு தத்து மையத்துக்கு. இங்கே பிரபலங்கள் யாரும் இல்லை. பரிசு அதிகம் வாங்காத, காலில் சின்னக் காயம் பட்ட சாதாரணக் குதிரைகள். அமெரிக்காவில் இந்த மாதிரி மையங்கள் நிறைய. ஒஹையோவில் 1992-ல் தொடங்கிய 'நியூ வொகேஷன்ஸ்' அதில் முன்னோடி. இத்தகைய மையங்களைப் பரிசோதித்து அங்கீகாரம் தரவும் 2012-ல் ஓர் அமைப்பு உருவாகியிருக்கிறது.

பந்தயக் குதிரைக்கு முதலில் சும்மா இருக்கப் பழக்க வேண்டுமாம். அதுவரை நாளின் பெரும்பகுதி தனி லாயத்தில் அடைந்து கிடந்த பிராணி அது. சில வாரங்கள் மைதானத்தில் மேயவிட்டு, தானியத்தைக் குறைத்து, வைக்கோலையும் புல்லையும் கூட்டுகிறார்கள். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் 'இன்னும் வேகமாக ஓடு' என்று புரிந்துகொண்டே பழகியதுக்கு, 'மெதுவாகப் போ' என்பதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டும். ஆள் ஏறும்வரை அசையாமல் நிற்பதுகூட அதற்குப் புதுப் பாடம்தான்.

ஒரு செம்பழுப்புக் குதிரையின் மேலுதட்டைப் பயிற்சியாளர் லேசாகத் தூக்கிக் காட்டினார். உள்ளே பச்சை குத்திய எழுத்தும் எண்களும். அதுதான் அதன் அடையாள அட்டை. இப்போது பிறக்கும் குட்டிகளுக்கு மைக்ரோசிப் வைக்கிறார்கள்.

அந்தக் குதிரை பாப்பாவின் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான், அவள் கண் கலங்கிவிட்டது.

அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்கள். திரும்பப் பந்தயத்தில் ஓட விடக்கூடாது. குட்டி போட வைக்கக்கூடாது. ஏலத்தில் விற்கக்கூடாது. வளர்க்க முடியாவிட்டால் மையத்திடமே ஒப்படைக்க வேண்டும். தத்துக் கட்டணம் பெரிதில்லை. அதற்குப் பின் மாதாமாதம் வரும் லாய வாடகை, தீனி, வைத்தியம், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் என்ற செலவுதான் பெரிது.

பாப்பா மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள். ஒரு கேள்வியில் பேனா நின்றது. 'நீங்கள் ஊரில் இல்லாதபோது குதிரையை யார் கவனிப்பார்?'

இரண்டு வருடத்தில் காலேஜ். எந்த ஊர் என்றே தெரியாது. அப்பாவைப் பார்த்தாள். மாமா எதுவும் சொல்லவில்லை. அவர் மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கைமாறுறதுக்கா இதைக் கூட்டிட்டுப் போகணும்? வேண்டாம் சித்தி" என்றாள். திரும்பும் வழியில் புளியோதரையை யாரும் தொடவில்லை.

இப்போது அவள் படிப்பை முடித்து, சின்சினாட்டியிலேயே வேலைக்குப் போகிறாள். போன மாதம் வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"சித்தி, அப்ளிகேஷன் கொடுத்துட்டேன். இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியாச்சு."

"நீ ஊர்ல இல்லாதப்ப யார் பார்த்துப்பாங்க?"

போன் கைமாறியது. மாமா குரல் கேட்டது.

"நான்தாம்மா. லாடம் அடிக்கிறவர் நம்பர்கூட வாங்கி வச்சுட்டேன்."